சாமியாருக்குக் காய்ச்சல்

இருதயராஜ் திடீரென்று வாசிப்பை நிறுத்தினார். புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். பிறகு பழைய பக்கத்துக்கே வந்தார். நெற்றியில் வேர்வை கோத்து நின்றது.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

எதிரே சாய்வு நாற்காலியில் என் பப்பா. பக்கத்து முக்காலியில், கஞ்சி போட்டு வெளுத்த வேட்டியில், எங்கள் பங்குக் கோயிலின் கோயில்பிள்ளை சவரிமுத்து. கதையின் முடிவைக் கேட்கட்டும் என்று அன்றைக்கு அவர் தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். சமையலறை வாசலில் முறுக்குத் தட்டோடு அம்மா. அம்மாவுக்குப் பின்னால் நான்.

அவர்கள் நான்கு பேருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இருதயராஜுக்கு அது அந்த நிமிஷம்தான் தெரிந்திருந்தது. அந்த நாவலில் கொலை செய்தது யார் என்பதுதான் அது. அதை உள்ளபடி வாய்விட்டுச் சொன்னால் என் கல்யாணம் அத்தோடு நின்றுவிடும்.

"தெரேசு, தம்பிக்குத் தண்ணி கொண்டாந்து குடு" என்றார் பப்பா.

நான் போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் நீங்கள் மற்றக் கதையைத் தெரிந்துகொண்டுவிடுங்கள். "உங்கள் கல்யாணக் கதையை எப்போது எழுதுவீர்கள்?" என்று இந்தத் தொடரைப் படிக்கும் பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆண்கள் யாரும் கேட்கவில்லை என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

பழம் வாங்காத மாப்பிள்ளை

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். புதுச்சேரி ஆபீசுகளில் பிரெஞ்சு மெல்லக் கிளம்பிக்கொண்டிருந்தது, இங்கிலீஷ் வந்து நாற்காலி தேடிக்கொண்டிருந்தது. காலை முதல் சாயங்காலம் வரை ஒரே 'போன்ழூர்' சொல்லிப் பழகியவர்கள் அவசரமாக 'குட் மார்னிங்' கற்றுக்கொண்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கும் அதையே சொன்னார்கள். மதராசிலிருந்து வந்த அதிகாரிகள் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

பப்பா கோர்ட்டில் கிரெஃபியேவாக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து விசாரணையைப் பதிவு செய்வதும், சாட்சிப் பொருளுக்கு அரக்கு முத்திரை வைப்பதும் கிரெஃபியேவின் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஊறுகாய் ஜாடியிலிருந்து வெள்ளிச் செபமாலை வரை எங்கள் வீட்டில் எல்லாம் பூட்டுக்குள்தான்.

அவருக்குத் துப்பறியும் நாவல் என்றால் உயிர். பிரெஞ்சில் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தார். இதை யாரோ இருதயராஜிடம் சொல்லியிருக்கிறார்கள். இருதயராஜ் கடலூர்க்காரர், மதராசில் பி.ஏ. படித்தவர். இங்கே புதிதாகத் திறந்த சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்து, முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் குடியிருந்தார். உலகத்து மாப்பிள்ளைகள் எல்லாம் பெண் பார்க்க வரும்போது ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கி வருவார்கள். இவர் மதராசில் ரயிலேறும் முன் ஒரு இங்கிலீஷ் துப்பறியும் நாவல் வாங்கி வந்து பப்பா கையில் கொடுத்தார்.

பப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை மட்டும் அந்த யாரோ சொல்ல மறந்துவிட்டார்.

பப்பா அட்டையை உற்றுப் பார்த்தார். நெட்டையாக ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்க, அவர் காலடியில் ஒரு பிணம்.

"இவர் யாரு, போலீஸ் கொமிசேரா?"

"இல்லீங்க ஐயா. இவரு ஒரு பிரபு. லார்டு. பொழுது போகாம துப்பறியறவரு."

"சம்பளம்?"

"கிடையாதுங்க."

"சர்க்கார் உத்தரவு?"

"அதுவும் கிடையாதுங்க."

பப்பா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். "உத்தரவு இல்லாத ஆளு பிணத்துகிட்ட போறாரா?" என்று கேட்டார். பெண் பார்க்க வந்த விஷயம் அவருக்கு மறந்தே போய்விட்டது. நான் உள்ளே காபித் தட்டோடு நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசியில் பப்பா ஒரு தீர்மானத்துக்கு வந்தார். "தம்பி, நான் எந்தக் கேஸ் தொசியேவையும் முழுசாப் பார்க்காம முடிவு சொன்னதில்ல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க. இதத் தமிழ்ல படிச்சிக் காட்டுங்க. ஒரு ஆளு கதையை முதல்லேருந்து கடைசிவரைக்கும் நேராக் கொண்டுபோறானான்னு பார்த்தா, குடும்பத்த எப்படிக் கொண்டுபோவான்னு தெரிஞ்சிடும். புத்தகம் முடியற அன்னிக்கி என் பதிலைச் சொல்றேன்."

அதுவரை புத்தகம் எங்கள் வீட்டு அலமாரியில் பூட்டியிருக்கும். இருதயராஜ் முன்கூட்டியே படித்துத் தயார் செய்துகொண்டு வரக் கூடாதாம்.

அம்மா இரண்டு நிபந்தனை போட்டாள். நிச்சயம் ஆகாத பையன் வாராவாரம் வீட்டுக்கு வந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது, ஆகையால் கோயில் சம்பந்தப்பட்ட பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். இன்னொன்று, எல்லாம் விபூதிப் புதனுக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். அன்றைக்குத் தொடங்கும் தவசு காலத்தில் கல்யாணப் பேச்சும் ஆகாது, கொலைக் கதையும் ஆகாது.

அந்த ஆண்டு விபூதிப் புதன் சீக்கிரமே வந்தது. கடலூரில் இருதயராஜின் சித்தப்பா இன்னொரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார் என்ற செய்தி அதைவிடச் சீக்கிரமாக வந்தது.

சாட்சியாக வந்து உட்கார்ந்தவர்தான் சவரிமுத்து. கோயில் மணி அடிப்பவர், மெழுகுதிரி ஏற்றுபவர், வெள்ளிப் பாத்திரங்களின் சாவியை வைத்திருப்பவர். யார் யாருக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள் என்பது சாமியாருக்கு அடுத்தபடி அவருக்குத் தெரியும். சில சமயம் சாமியாருக்கு முன்னாலேயே தெரியும்.

யார் இந்தக் கோயில்பிள்ளை?

முதல் ஞாயிறு. இருதயராஜ் ஒரு வரி இங்கிலீஷில் படிப்பார், பிறகு தமிழில் சொல்வார். குரல் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பவர் குரல்.

கதை எளிமையானது. ஒரு கிராமத்து மாளிகை. கஞ்சப் பணக்காரர் ஒருவர் தன் கண்ணாடித் தோட்ட வீட்டில் பூந்தொட்டிகளுக்கு நடுவே செத்துக் கிடக்கிறார். அன்றைக்கு நல்ல மழை. மாளிகைக்கு விருந்தாளியாக வந்திருந்த பிரபு, பத்து மணிக்கு எழுந்து, ரொட்டிக்கு இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுவிட்டு, துப்பறியக் கிளம்புகிறார். சந்தேகத்துக்குரியவர்கள் ஒரு டாக்டர், ஒரு ஊதாரி மருமகன், அப்புறம்...

"அப்பறம் அந்த ஊரு சாமியாரும் அவரு மனை..." என்று ஆரம்பித்து இருதயராஜ் நிறுத்திக்கொண்டார்.

இங்கிலீஷ்காரர்களின் சபையில் சாமியார்கள் கல்யாணம் செய்துகொள்வார்கள். அவர்கள் ஆண்ட கடலூரில் பிறந்தவருக்கு இது தெரிந்த விஷயம். எங்கள் வீட்டில் அப்படியில்லை. சாமியாருக்குப் பெண்டாட்டி என்று ஒருவன் வாயால் சொன்னாலே அம்மா வீட்டைத் தீர்த்தம் தெளித்துக் கழுவுவாள். கடலூர்ப் பையன் என்பதால் அந்தப் பக்கத்து இங்கிலீஷ் சபைப் பதிதர்களோடு இவர்களுக்கு ஏதாவது கொள்வினை கொடுப்பினை இருக்குமோ என்று ஏற்கெனவே அவளுக்குச் சந்தேகம்.

இருதயராஜின் பார்வை அறையைச் சுற்றியது. எதிரே சவரிமுத்து தெரிந்தார்.

"...அந்த ஊரு கோயில்பிள்ளையும் அவரு மனைவியும்" என்று முடித்தார்.

சவரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறே வம்பு வந்தது. கதையில் அந்த மனிதர் பிரசங்கம் செய்கிறார். "கோயில்பிள்ளை பிரசங்கம் வச்சாரு" என்றார் இருதயராஜ்.

"கோயில்பிள்ளை எப்படிப் பிரசங்கம் வைக்கலாம்? சாமியார் எங்க போனாரு?" என்று பப்பா மறித்தார்.

"சாமியாருக்கு... காய்ச்சலுங்க ஐயா."

அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "ஐயோ பாவம். மழைல நனைஞ்சிருப்பாரு."

அதற்கப்புறம் அந்த நாவல் முழுக்கச் சாமியார் காய்ச்சலில் கிடந்தார். பணக்காரரை அடக்கம் செய்தபோது காய்ச்சல். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோதும் காய்ச்சல். ஞாயிறு காலை இருதயராஜ் சைக்கிளை விட்டு இறங்கும்போதே, "சாமியாருக்குத் தேவலையா தம்பி?" என்று அம்மா கேட்பாள். சாயங்காலச் செபமாலையில் அவருக்காக ஒரு பத்து மணி தனியாகச் சொன்னாள். பெயர் தெரியாததால் 'அந்த இங்கிலீஷ் சாமியார்' என்று சர்வேசுரனுக்குத் தெரிவித்தாள்.

கோழிக்கூண்டுக்கு அரக்கு

பப்பாவின் துன்பம் வேறு. அவருக்கு அந்தப் பிரபுவைக் கண்டாலே ஆகவில்லை.

"நிறுத்துங்க தம்பி. பிணம் கெடந்த எடத்துக்கு முத்திரை வச்சாங்களா?"

"இல்லீங்க. பிரபு உள்ள போயி ஒரு பூவைக் கிள்ளிச் சட்டையில குத்திக்கிறாரு."

"பூவைக் கிள்ளறாரா! அது சாட்சிப் பொருள்!" பப்பா நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் உட்காருவார். "விசாரணை நீதிபதி வர்றதுக்கு முன்னாடி இந்த மிலோர் யாரு உள்ள போவ? முதல்ல இந்த ஆளப் புடிச்சி உள்ள போடணும்."

முத்திரை விஷயத்தில் பப்பா எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. உழவர்கரையில் ஒருவருடைய சண்டைச் சேவல் திருட்டுப் போய்விட்டது. விசாரணைக்குப் போன பப்பா சேவல் இருந்த கூண்டுக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டு வந்துவிட்டார். அதே கூண்டுக்குள் இரண்டு பெட்டைக் கோழிகள் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

முத்திரையை உடைத்தால் குற்றம். உடைக்காவிட்டால் கோழிக்குத் தீனி இல்லை. சேவல்காரர் கம்பி இடுக்கு வழியாகக் கம்பும் தண்ணீரும் ஊட்டிக்கொண்டிருந்தாராம். வழக்கு முடிந்து பப்பாவே போய் முத்திரையை உடைத்தபோது உள்ளே குஞ்சுகள் இருந்தன. அந்தக் குஞ்சுகள் சாட்சிப் பொருளா, சொந்தக்காரர் சொத்தா என்று கோர்ட்டில் ஒரு முழு அமர்வு நடந்தது என்று பப்பா பெருமையாகச் சொல்வார். சேவல் கடைசிவரை கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு பூக்கிள்ளும் பிரபு அகப்பட்டால் என்ன ஆவது?

அலமாரிக்குள் ஒரு காதல்

புத்தகம் இருந்த அலமாரியின் சாவி அம்மாவின் கொத்தில். அம்மாவின் கொத்து மத்தியானங்களில் என் இடுப்பில்.

கான்வென்ட்டில் ஒரு அயர்லாந்து மதர் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருந்தார். என் இங்கிலீஷ் டைப் அடிக்க மட்டும்தான் உதவும் என்பது பப்பாவின் அபிப்பிராயம். கொலைக் கதை பெண்களுக்கு ஆகாது என்பது அம்மாவின் அபிப்பிராயம். இருவரும் விழித்திருக்கும் நேரங்களில் நான் இரண்டையும் மதித்து நடந்தேன்.

மத்தியானம் அவர்கள் கண்ணயர்ந்ததும், அரிசி மூட்டைக்கும் புளிப்பானைக்கும் நடுவே உட்கார்ந்து படிப்பேன். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! முதல் அத்தியாயத்தில் ஒருவர் செத்துவிடுவார், அதற்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். அழுகை கிடையாது, ஒப்பாரி கிடையாது, சொத்துச் சண்டைகூட மெதுவான குரலில். எங்கள் தெருவில் ஒரு பூனை செத்தாலே இதைவிடச் சத்தம் கேட்கும்.

அந்தப் பிரபு மேல் எனக்கு ஆசையே வந்துவிட்டது. மறைப்பானேன்? போலீஸ்காரர்கள் எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருந்தபோது அவர் சமையலறைக்குப் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சமையல்காரிக்கு முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று கேட்டார். அவள் தன் குறைகளையெல்லாம் கொட்டினாள். அன்றைக்கு வந்தவர்களின் குடைகளெல்லாம் சேர்ந்து அவள் துடைத்த தரையை நாசமாக்கிவிட்டனவாம், ஒரே ஒரு குடையைத் தவிர. பிரபு கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு ரயில்வே குரலில் படிக்கும் இருதயராஜைப் பிரபுவோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒப்பீடு யாருக்குச் சாதகமாக முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் சைக்கிள் மணி கேட்டால் நான் தலையை இன்னொரு தடவை வாரிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் கடைசி அத்தியாயத்தை எட்டினேன். நனையாத குடைக்குச் சொந்தக்காரர் யார் என்று பிரபு சொன்னார். மழை பிடிப்பதற்கு முன்பே மாளிகைக்குள் வந்து ஒளிந்திருந்தவர், கோயிலின் பழைய வெள்ளிப் பாத்திரங்களைக் கள்ளத்தனமாக விற்றவர், அது பணக்காரருக்குத் தெரிந்துபோனதால் அவரைக் கொன்றவர்.

புத்தகத்தில் அது அந்த ஊர்ச் சாமியார். அதாவது எங்கள் வீட்டுத் தமிழில், கோயில்பிள்ளை.

நான் புளிப்பானையைப் பிடித்துக்கொண்டேன்.

இங்கிலாந்தில் கார், இங்கே சைக்கிள்

சவரிமுத்துவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அவர் வாழ்நாளில் கேட்ட கதைகளிலெல்லாம் ராஜா வருவார், மந்திரி வருவார், ரிஷி வருவார். கோயில்பிள்ளை வந்ததில்லை. இந்தக் கதையில் கோயில்பிள்ளை கிரேக்க மொழி படிக்கிறார். பிரபு அவரோடு கைகுலுக்குகிறார். கோயில்பிள்ளை சொந்தமாகக் கார் ஓட்டுகிறார். பணக்காரர்கள் அவரோடு சதுரங்கம் ஆடுகிறார்கள்.

"காரு வச்சிருக்கானா! கோயில்பிள்ளைக்கு அங்க காரு குடுக்கறாங்களா மொசியே?" என்று பப்பாவின் முழங்காலைத் தட்டினார்.

ஞாயிறு சாயங்காலங்களில் கோயில் முற்றத்தில் அவர் அந்தக் கதையை ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதில் பிரபு சின்னப் பாத்திரம், கோயில்பிள்ளைதான் எல்லாம். மீன்காரம்மாக்கள்கூட "உங்க இங்கிலீஷ்காரன் இந்த வாரம் என்னா பண்ணான்?" என்று விசாரித்தார்கள். சவரிமுத்துவின் நடையே மாறிவிட்டது. எங்கள் பங்குச் சாமியாரிடம் போய், இங்கிலாந்தில் காரே கொடுக்கிறார்கள், தனக்கு ஒரு சைக்கிளாவது கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். சாமியார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். முப்பது வருஷ உழைப்பில் சாமியார் அவருக்காக யோசித்தது அதுதான் முதல் தடவை என்று சவரிமுத்துவின் மனைவி எங்கள் வீட்டில் வந்து சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவரைப் பார்த்து, கோயில்பிள்ளை வெள்ளி திருடினான், கொலை செய்தான் என்று படித்தால்? கோயில் வெள்ளிப் பாத்திரங்களின் சாவி அவர் மடியில் இருக்கிறது. முற்றத்தில் கதை கேட்ட ஊர் முழுக்க முடிவையும் கேட்கும். அவர் தலை நிமிர்ந்து மணி அடிக்க முடியுமா?

சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், இத்தனை வாரமும் கதையை நேராகக் கொண்டுபோகவில்லை என்று பப்பா எழுந்துவிடுவார். கொலைகாரன் ஒரு சாமியார், அதுவும் பெண்டாட்டி கட்டிய சாமியார் என்று தெரிந்தால் அம்மா எழுந்திருக்கக்கூட மாட்டாள், மயங்கியே விழுந்துவிடுவாள். அப்புறம் கடலூரில் வேறொரு பெண்ணுக்கு ஓலை வாசிப்பார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இருதயராஜ் மட்டும் ஒன்றும் தெரியாமல் வாராவாரம் கோயில்பிள்ளையை மெச்சி, தன் சொந்தச் சரக்காக நாலு நல்ல வார்த்தையும் சேர்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருக்கும் கிழவர் சிரிப்பதைப் பார்க்க அவருக்குப் பிடித்திருந்தது.

அவரோடு பேச எனக்கு அனுமதி இல்லை. ஜாடையாக எச்சரித்துப் பார்த்தேன். காபி கொடுக்கும்போது அம்மாவைப் பார்த்து, "சில பேரு ரொம்ப நல்லவங்களாத் தெரிவாங்கம்மா, கோயில் ஆளுங்களையே எடுத்துக்க, நம்ப முடியறதில்ல" என்று உரக்கச் சொன்னேன்.

சவரிமுத்துவின் முகம் சுருங்கியது. அம்மா என்னை உள்ளே இழுத்துப் போய்த் தொடையில் கிள்ளினாள். இருதயராஜ் காபியில் சர்க்கரை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டார்.

தண்ணீர் வந்தது

அப்படித்தான் விபூதிப் புதனுக்கு முந்திய ஞாயிறு வந்து சேர்ந்தது. அவர் கடைசி அத்தியாயத்துக்கு வந்தார். தண்ணீர் கேட்டார்.

நான் டம்ளரை நீட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. புத்தகத்தைப் பார்த்தேன், சவரிமுத்துவைப் பார்த்தேன், மறுபடி அவரைப் பார்த்தேன். இவளுக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. டம்ளரைக் காலி செய்ய ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"படிங்க தம்பி" என்றார் பப்பா.

"எல்லாரையும் பிரபு கூடத்துல ஒக்கார வைக்கிறாரு" என்று தொடங்கினார் இருதயராஜ். குரலில் ரயில்வே போய்விட்டிருந்தது. "ஒவ்வொருத்தரா முகத்தப் பார்க்கறாரு. டாக்டரப் பார்க்கறாரு. மருமகனப் பார்க்கறாரு. கோயில்பிள்ளையப் பார்க்கறாரு..."

சவரிமுத்து வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"'கோயில்பிள்ளை, உங்கள மாதிரி யோக்கியன நான் பார்த்ததில்ல'ன்னு சொல்றாரு. அப்பறம் சன்னலாண்ட போயி நின்னுக்கிட்டு, 'கொலை செஞ்சது வேற யாருமில்ல, நான்தான்'னு சொல்றாரு."

பப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வுவாலா!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நான் சொன்னனா இல்லியா! முதல் நாளே சொன்னனா இல்லியா! உத்தரவு இல்லாத ஆளு பிணத்துகிட்ட எதுக்குப் போறான்? தன் தடயத்த அழிக்கப் போறான்! பூவை எதுக்குக் கிள்ளினான்? அதுல ரத்தம்!"

"ஆமாங்க ஐயா" என்றார் இருதயராஜ்.

"சமையல்காரிகிட்ட குடையப் பத்தி எதுக்கு விசாரிச்சான்? தன் குடைய அவ கவனிச்சாளான்னு தெரிஞ்சிக்க!"

"ஆமாங்க."

"காரணம்? பொழுது போகல! அவனே சொன்னானே! வேலவெட்டி இல்லாத பிரபுங்க இதத்தான் செய்வானுங்க. இவங்கள எல்லாம் பிரான்சுல சும்மாவா ஒழிச்சாங்க?"

இருதயராஜ் மீதிப் பக்கங்களைப் புரட்டத் தேவையே இருக்கவில்லை. பப்பாவே வழக்கை நடத்தி, தீர்ப்பு எழுதி, பிரபுவின் தலையையும் வாங்கிவிட்டார். ஒரு ஓட்டை இல்லை. நாவலாசிரியர் கேட்டிருந்தால் தன் முடிவை மாற்றியிருப்பார்.

"எனக்கும் அந்தாள் மேல ஒரு கண்ணு இருந்திச்சி மொசியே. நம்ம கோயில்பிள்ளை அவன்கிட்ட எட்டியே நின்னான் பாருங்க" என்றார் சவரிமுத்து. அவர் மனைவி தலையை ஆட்டினாள்.

அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. சாமியாருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, மறுநாள் எழுந்து பூசை வைத்தார் என்று இருதயராஜ் சொன்னார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. என் பிரபு! ஒரு எறும்பை மிதிக்காதவர், சமையல்காரியின் முழங்காலுக்காக வருத்தப்பட்டவர், என் வீட்டுக் கூடத்தில் என் பப்பாவால் கழுத்தறுபட்டுக் கிடக்கிறார், எல்லாரும் முறுக்குத் தின்கிறார்கள்.

ஒரே ஒரு கேள்வி

பப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தம்பி, கதைய நேராக் கொண்டுபோனீங்க. எனக்குச் சம்மதம். ஆனா பிரெஞ்சுச் சட்டம் கோட் சிவில்படி பொண்ணு தன் வாயால சொல்லணும். தெரேசு, இங்க வா. உனக்குச் சம்மதமா?"

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணையும் யாரும் இப்படி நாலு பேருக்கு முன்னால் கேட்டதில்லை. அம்மா என் பதிலைத் தானே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள்.

"நான் அவரை ஒண்ணு கேக்கணும் பப்பா" என்றேன்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். பப்பா யோசித்தார். குறுக்கு விசாரணைக்கு இடம் உண்டு என்று அனுமதித்தார்.

நான் இங்கிலீஷில் கேட்டேன். அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் அது புரியும்.

"பிரபுவை ஏன் கொன்றீர்கள்?"

என் இங்கிலீஷைக் கேட்டு அவர் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு அவரும் இங்கிலீஷில், மெதுவாகப் பதில் சொன்னார்.

"இந்தப் பெரியவரின் மானத்தைக் காப்பாற்ற ஒருவர் பழியை ஏற்க வேண்டும் என்று கேட்டிருந்தால், அந்த அறையில் எழுந்து நின்றிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரைக் கேட்க நேரமில்லை. அவர் சார்பில் நானே எழுந்து நின்றேன்."

அது அப்பட்டமான உண்மை. பிரபு அதைத்தான் செய்திருப்பார், அதுவும் கொட்டாவி விட்டுக்கொண்டே. அவரை அலமாரியிலிருந்து எடுத்து எடுத்துப் படித்த எனக்கு அது தோன்றவில்லை. வாரத்துக்கு ஒரு அத்தியாயம் தட்டுத்தடுமாறிப் படித்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவசரமாகத் தலையை ஆட்டினேன்.

"சம்மதம் பப்பா."

பப்பா விடவில்லை. புரியாத மொழியில் கேட்ட சாட்சியத்தை அவர் எந்தக் காலத்தில் ஏற்றுக்கொண்டார்? "நீ என்னா கேட்ட, அவர் என்னா சொன்னாரு? அப்படியே தமிழ்ல சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருதயராஜுக்கு மறுபடி நெற்றியில் வேர்வை கோத்தது.

"'எந்தக் கஷ்டத்துலயும் என்னைக் கைவிடாம வச்சிப்பீங்களா'ன்னு கேட்டேன் பப்பா. 'உயிர் இருக்கறவரைக்கும்'னு சொன்னாரு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சவரிமுத்து எழுந்து நின்றே விட்டார். அன்று சாயங்காலமே கோயில் முற்றத்தில் ஊருக்கெல்லாம் அதைச் சொன்னார். இருதயராஜ் மட்டும் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஈஸ்டர் முடிந்து எங்கள் கல்யாணம் நடந்தது. என் புருஷன் எத்தனையோ வாக்குக் கொடுத்திருக்கிறார், அதில் பாதியை மறந்தும் இருக்கிறார். அன்றைக்கு அவர் சொல்லவே சொல்லாத அந்த வாக்கை மட்டும், கண்ணை மூடும் வரைக்கும் அப்படியே காப்பாற்றினார்.